பைனாகுலர் வாங்கப் போகிறீர்களா?

குக்கர் வாங்கும்போது நாம் எத்தனை கேள்வி கேட்கிறோம்! கேஸ்கட் தனியாகக் கிடைக்குமா, கைப்பிடி ஆடுமா, அடி கனமா, ஐந்து பேருக்குப் போதுமா என்று கடைக்காரர் பெருமூச்சு விடும்வரை விடமாட்டோம். ஆனால் பைனாகுலர் என்று வந்துவிட்டால் மட்டும், "இருக்கிறதிலேயே பெரிசா எது, அதைக் கொடுங்க" என்று வாங்கி வந்துவிடுகிறார்கள் நம் வீட்டு ஆண்கள். ஒரு மழைக்காலம் போனதும் அது பீரோ மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. ஏன் என்று கேட்டால், "உள்ளே பனி படிஞ்சிடுச்சு, ஒண்ணும் தெரியலே" என்பார்கள். பணம் போனது போனதுதான்!

"பைனாகுலரா? அது பட்டாளத்துக்காரங்களுக்கும் குதிரைப் பந்தயம் பார்க்கிறவங்களுக்கும்தானே? நமக்கு எதுக்கு?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. சகோதரிகளே, காலையிலிருந்து இரவு வரை அடுப்பையும் அரிசியையும் தையல் ஊசியையும் கிட்டத்தில் வைத்தே பார்க்கிற கண் நம்முடையது. ஒரு பத்து நிமிஷம் வாசலில் நின்று தூரத்தில் ஒரு மரத்தையோ பறவையையோ பார்ப்பது கண்ணுக்கும் இதம், மனசுக்கும் இதம். குழந்தைகளுக்கோ அதைவிட நல்ல பாடம் வேறில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஏதாவது வாங்குகிறோமே, நம் கண்ணுக்கென்று ஒன்று வாங்கினால் தப்பா என்ன?

கொல்லிமலையில் ஊர்த்தொகுதிகளை வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, குண்டூர் நாடு என்று 'நாடு' என்றே சொல்வோம். நாங்கள் இருப்பது பெரக்கரை நாடு. மலைமேல் நிலம் சுமார் 1000 முதல் 1300 மீட்டர் உயரம். காப்பிச் செடி, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக், பலா, வாழை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பச்சை. எதிர்ச்சரிவில் மேய்கிற ஆடு நம்முடையதா, பலாமரத்தில் ஆடுவது காற்றா குரங்கா என்று பார்க்கவே இங்கே ஒரு பைனாகுலர் உபயோகப்படும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மேகமே வாசலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. இந்த ஈரத்துக்குத் தாக்குப்பிடிக்கிற பைனாகுலர் எது என்று விசாரித்து, கையில் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு வாசகிகளுக்கும், கடலோரத்தில் குடியிருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பெட்டிமேல் இரண்டு எண்கள்

எந்தப் பைனாகுலரிலும் 8x42, 10x50 என்று இரண்டு எண்கள் போட்டிருக்கும். முதல் எண், எத்தனை மடங்கு கிட்டத்தில் காட்டும் என்பது. 8 என்றால், 80 மீட்டர் தூரத்தில் இருக்கும் பறவை 10 மீட்டரில் இருப்பதுபோலத் தெரியும். இரண்டாவது எண், முன்பக்கத்து லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். அகலம் கூடக்கூட வெளிச்சம் அதிகம் உள்ளே வரும். கூடவே கனமும் வரும்.

"8-ஐவிட 12 நல்லதுதானே? 20 இன்னும் நல்லதுதானே?" என்று தோன்றும். அங்கேதான் ஏமாந்து போகிறோம். பைனாகுலர் பறவையை மட்டும் பெரிதாக்குவதில்லை, நம் கை நடுக்கத்தையும் அதே மடங்கு பெரிதாக்குகிறது. 8 மடங்கு வரை சாதாரணக் கைக்கு அடங்கும். 10 மடங்கில் கொஞ்சம் ஆடும். அதற்கு மேலே போனால் ஸ்டாண்டு வேண்டும். அதுமட்டுமா? மடங்கு கூடினால் பார்வை வட்டம் சுருங்கிவிடும். 8 மடங்கில் 1000 மீட்டர் தூரத்தில் சுமார் 120 முதல் 140 மீட்டர் அகலம் வரை கண்ணுக்குள் அடங்கும். 10 மடங்கில் அது 100, 115 மீட்டராகக் குறைந்துவிடும். கிளைக்குக் கிளை தாவுகிற சிட்டைத் தேடிப்பிடிக்க அகலம்தான் முக்கியம்.

இன்னொரு சின்னக் கணக்கு. இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5 சொச்சம் வரும். பைனாகுலரிலிருந்து நம் கண்ணுக்குள் வருகிற ஒளிக்கற்றையின் அகலம் அது, மில்லிமீட்டரில். 10x25 என்கிற கைக்கடக்கமான சின்னப் பைனாகுலரில் இது வெறும் 2.5. பட்டப்பகலில் நம் கண்மணி சுருங்கியிருக்கும், அதனால் 2.5 போதும். விடியற்காலையிலும் மேகமூட்டத்திலும் கண்மணி விரியும்போது அது போதாது, காட்சி மங்கலாகத் தெரியும். பறவைகள் சுறுசுறுப்பாக இருப்பதோ விடியலில்தான். இங்கே பாதி நாள் மேகமூட்டம் வேறே. கடைப் பெட்டி சொல்லாத இந்த எண்தான் மலைநாட்டுக்காரர்களுக்கு ரொம்ப முக்கியம்.

ஆகவே வீட்டுக்கு ஒன்றே ஒன்று என்றால் 8x42 வாங்குங்கள். எடை சுமார் 600 முதல் 750 கிராம் இருக்கும். கழுத்து வலி உள்ளவர்களுக்கு 8x32 நல்லது. எடை அரைக்கிலோவை ஒட்டித்தான் வரும். 7x50 என்று ஒன்று உண்டு, வெளிச்சம் பிரமாதம். ஆடுகிற கப்பலில் நின்று பார்க்கிற மாலுமிகளுக்கானது அது. ஒரு கிலோவை ஒட்டிக் கனக்கும், நமக்கு வேண்டாம். '10 முதல் 30 மடங்கு வரை மாற்றிக்கொள்ளலாம்' என்கிற ஜூம் பைனாகுலரும் வேண்டாம். பார்வை வட்டம் குறுகி, படமும் மங்கிப்போகும்.

குக்கரும் பைனாகுலரும் ஒன்றுதான்!

மழைக்குத் தாங்குவது என்றால் என்ன என்று புரிந்துகொள்ள நம் சமையலறையே போதும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த தண்ணீர் பாட்டில் ஏன் வியர்க்கிறது? வெளியே இருக்கும் காற்றின் ஈரம், குளிர்ந்த பாட்டில்மேல் பட்டுத் தண்ணீராகிறது. பைனாகுலருக்கு உள்ளேயும் காற்று இருக்கிறது. சமவெளியின் வெக்கையும் ஈரமுமான காற்று உள்ளே இருக்க, காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் குளிர்ந்த மலைக்கு வந்தால் என்ன ஆகும்? உள்ளே இருக்கும் ஈரம் லென்ஸின் உட்புறத்தில் பனியாகப் படியும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. இப்படி அடிக்கடி ஈரம் தங்கினால் பூசணம் பிடிக்கும். பூசணம் கண்ணாடிமேல் உள்ள மெல்லிய பூச்சையே அரித்துவிடும். அப்புறம் பிரித்துச் சுத்தம் செய்தாலும் பழைய தெளிவு வருவது கஷ்டம்.

நல்ல வாட்டர்புரூஃப் பைனாகுலரில் இரண்டு வேலை செய்திருப்பார்கள். குக்கர் கேஸ்கட் மாதிரி ஒவ்வொரு இணைப்பிலும் ரப்பர் வளையம் போட்டு அடைத்திருப்பார்கள். பிறகு உள்ளே இருக்கும் காற்றை நீக்கிவிட்டு, ஈரமே இல்லாத நைட்ரஜன் வாயுவையோ ஆர்கான் வாயுவையோ நிரப்பியிருப்பார்கள். ஈரம் இல்லாத இடத்தில் பனி எப்படிப் படியும்?

எனவே கடையில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேளுங்கள். "வாட்டர்புரூஃபா?" இது ஒன்று. "நைட்ரஜன் நிரப்பினதா?" இது இரண்டு. வாயால் சொன்னால் போதாது, பெட்டியிலோ கையேட்டிலோ அச்சில் இருக்க வேண்டும். 'வெதர் ரெசிஸ்டன்ட்' என்று போட்டிருந்தால் அது தூறலுக்கு மட்டும்தான். ஐ.பி.எக்ஸ் என்று ஓர் அளவும் போட்டிருப்பார்கள். ஐ.பி.எக்ஸ் 4 என்றால் மேலே தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ் 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது. மலைநாட்டுக்கு 7 இருப்பது நல்லது.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். நைட்ரஜன் உள்ளே பனி படியாமல்தான் காக்கும். இட்லிப் பானையைத் திறந்ததும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதே, அதுபோல வெளிப்புறம் மங்கத்தான் செய்யும். குளிரிலிருந்து நேரே சமையலறைக்குக் கொண்டு வராமல், பையிலேயே மூடி வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் சரியாகிவிடும். "ஏமாத்திட்டான்" என்று கடைக்காரரைத் திட்டாதீர்கள்!

நேர்க்குழலா, தோள் அகன்றதா?

பைனாகுலரில் இரண்டு வடிவம் உண்டு. பழைய சினிமாவில் வருமே, தோள் அகன்று கண் பக்கம் குறுகினது, அது போரோ வகை. இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-ல் பதிவு செய்த பிரிசம் அமைப்பு அதிலே இருக்கிறது. இன்னொன்று இரண்டு நேர்க்குழல்களை ஒட்டினாற்போல ஒல்லியாக இருக்கும், ரூஃப் பிரிசம் வகை.

குறைந்த விலையில் படம் தெளிவாக வேண்டும் என்றால் போரோவே மேல். ஆனால் பெரும்பாலான போரோவில் சக்கரத்தைத் திருப்பும்போது கண் பக்கத்துக் குழல்களே வெளியே வந்து உள்ளே போகும். அந்த அசைவில் ஈரமும் தூசியும் நுழைய வழி உண்டு. நேர்க்குழலில் எல்லா அசைவும் உள்ளேயே நடப்பதால் அடைப்பது சுலபம். ஆகவே வாட்டர்புரூஃப் என்றாலே பெரும்பாலும் நேர்க்குழல்தான் கிடைக்கும். அதை வாங்கும்போது 'ஃபேஸ் கோட்டிங்' இருக்கிறதா என்று கேளுங்கள். அது இல்லாவிட்டால் படத்தின் கூர்மை குறையும். 'ஃபுல்லி மல்ட்டி கோட்டட்' என்று இருந்தால், உள்ளே வரும் வெளிச்சம் வீணாகாதபடி எல்லாக் கண்ணாடிக்கும் பல அடுக்குப் பூச்சு உண்டு என்று அர்த்தம். லென்ஸ் மாதுளை முத்து மாதிரி செக்கச் செவேலென்று மின்னினால் மயங்காதீர்கள். சிவப்பு நிறத்தையே திருப்பி அனுப்பிவிடும். பார்க்கிற காட்சி நீலம் பாரித்துத் தெரியும்.

யார் யார் பார்ப்பார்கள்?

புடவை எடுக்கும்போது யாருக்கு என்று பார்த்துத்தானே எடுக்கிறோம்? இதையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் உண்டா? அப்படியானால் 'ஐ ரிலீஃப்' என்கிற அளவு 15, 16 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. கண்ணுக்கும் லென்ஸுக்கும் நடுவே விடக்கூடிய இடைவெளி அது. குறைந்தால் ஓரமெல்லாம் கறுத்து, சாவித்துவாரத்தில் பார்ப்பதுபோல இருக்கும். கண் பக்கம் உள்ள ரப்பர் கிண்ணம் திருகி இறக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் அதை இறக்கியும், போடாதவர்கள் ஏற்றியும் பார்க்க வேண்டும்.

என் மாமியாருக்கு எழுபது வயதாகிறது. தடித்த கண்ணாடி போட்டிருக்கிறார். "எனக்கு எதுக்கு கண்ணு இந்த வேலையெல்லாம்?" என்று வாங்கவே மாட்டேன் என்றார். கிண்ணத்தை இறக்கிக் கையில் கொடுத்து, வேலியில் உட்கார்ந்திருந்த செம்மீசைச் சின்னானைக் காட்டினேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. பிறகு, "இத்தனை வருஷமா கத்தறதைத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். இதுக்குக் கன்னத்துல குங்குமம் வெச்சிருக்கே!" என்றார். கொண்டையும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பொட்டுமாக மலைத் தோட்டங்களில் சகஜமாகப் பார்க்கிற பறவைதான். அந்த ஒரு சின்ன அளவைக் கேட்டு வாங்காமல் விட்டிருந்தால் அவருக்கு அது கிடைத்திருக்காது.

சின்னக் குழந்தைகள் விஷயம் வேறு. அவர்களுக்கு இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம் குறைவு. பெரியவர்களின் பைனாகுலர் பெரும்பாலும் 56 மில்லிமீட்டருக்குக் கீழே மடங்காது. குழந்தை "ஒரு கண்ணுலதான் தெரியுதும்மா" என்றால் அடம் என்று நினைக்காதீர்கள். அது உண்மையாகவே அப்படித்தான் தெரியும்! வாங்கும்போது குழந்தையையும் அழைத்துப்போய், மடக்கி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கிட்டப்பார்வை அளவையும் கேளுங்கள். 2 அல்லது 3 மீட்டரில் இருப்பதையும் காட்டினால் செம்பருத்திமேல் உட்கார்ந்த பட்டாம்பூச்சியையும் ரசிக்கலாம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை

சேலமோ திருச்சியோ போகும்போது கேமரா கடையில் நேரில் பார்த்து வாங்குவது உத்தமம். தபாலில் வரவழைத்தால், திருப்பித் தருகிற கெடு முடிவதற்குள் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. கை நீட்டின தூரத்தில் பிடித்துக் கண் பக்கத்து லென்ஸைப் பாருங்கள். உள்ளே தெரியும் வெளிச்ச வட்டம் முழு வட்டமாக இருக்க வேண்டும். ஓரம் வெட்டினதுபோலச் சதுரமாகத் தெரிந்தால் பிரிசம் மட்டம்.

2. வாசலில் நின்று தூரத்துப் பெயர்ப்பலகையைப் படியுங்கள். எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, சில நிமிஷத்தில் நெற்றிப்பொட்டு வலித்தாலோ, இரண்டு குழலும் ஒரே நேர்கோட்டில் இல்லை. வேண்டவே வேண்டாம்.

3. நடுச்சக்கரம் ஒரே சீராகச் சுழல வேண்டும். இறுகியோ தொளதொளவென்றோ இருக்கக்கூடாது.

4. முன்பக்கத்திலிருந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அதுதான் பூசணம். பழைய பைனாகுலர் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

5. ஐந்து நிமிஷம் கழுத்தில் மாட்டி நில்லுங்கள். பட்டை அகலமாக இருந்தால் கனம் தெரியாது.

விலை எவ்வளவு? நல்ல மிக்ஸியின் விலையிலிருந்து ஃப்ரிட்ஜ் விலை வரை, அதற்கு மேலே லட்சக்கணக்கிலும் இருக்கிறது. குடும்ப உபயோகத்துக்கு மிக்ஸிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவிலே நின்றுகொள்ளுங்கள். 'அதிசய விலையில் 100 மடங்கு, இருட்டிலும் தெரியும்' என்கிற விளம்பரங்களை நம்பாதீர்கள்.

வாங்கினதும்

ஒவ்வொருவர் கண்ணுக்கும் தக்கபடி ஒருமுறை சரி செய்துகொள்ள வேண்டும். வலது முன்லென்ஸைக் கையால் மூடி, இடது கண்ணால் ஓர் இலையைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். தெளிவானதும் இடதை மூடி, வலது கண் பக்கம் உள்ள வளையத்தை மட்டும் திருப்பி அதே இலையைத் தெளிவாக்குங்கள். வளையம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நினைவு வைத்துக்கொண்டால் அடுத்த முறை சுலபம். பறவையைத் தேடும்போது கண்ணை அதன் மேலிருந்து எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். முழங்கையை மார்போடு ஒட்டி, நிலைப்படியில் சாய்ந்து நின்றால் ஆடாது.

லென்ஸை முந்தானையால் துடைக்கவே கூடாது! துணியில் ஒட்டின மணல் துகள் ஒன்று போதும், கீறல் விழ. முதலில் ஊதுபந்தால் தூசியைப் போக்கி, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, பிறகே லென்ஸ் துணியால் துடையுங்கள். சேறு பட்டால், முழு வாட்டர்புரூஃப் என்றால் மட்டும், நல்ல தண்ணீரில் மெதுவாக அலசலாம்.

மழைக்காலத்தில் தோல் உறையிலேயே மாதக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள். உறை ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நன்றாக உலர்ந்த பிறகு, இறுக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கலாம். புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அதேதான். குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும்விட நல்ல பராமரிப்பு, அடிக்கடி எடுத்துப் பார்ப்பதுதான்!

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை

பைனாகுலரால் சூரியனைப் பார்க்கவே கூடாது. ஒரு கணம்கூட வேண்டாம். கிரகணத்தன்றும் வேண்டாம், மாலைச் சூரியனும் வேண்டாம். பூதக்கண்ணாடியால் காகிதத்தைக் கொளுத்துவார்களே பிள்ளைகள், அதேதான் கண்ணுக்குள் நடக்கும். விழித்திரைக்கு வலி தெரியாது. அதனால் குழந்தை கத்தவும் மாட்டான். தெரிய வரும்போது பார்வை போயிருக்கும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு? சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றே பார்க்கப் பழக்குங்கள். ஜன்னலில் வெயில் படும்படி வைத்துவிட்டும் போகாதீர்கள்.

அடுத்த வீட்டு முற்றத்தைப் பார்க்கக்கூடாது, கூட்டுக்குக் கிட்டே போகக்கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள். தூரத்திலிருந்து தொந்தரவு செய்யாமல் பார்க்கத்தானே இதை வாங்கினோம்!

மழை விட்ட ராத்திரியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தைப் பாருங்கள். வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரிவது பல மடங்காகப் பெருகித் தெரியும். பிறை நிலாவின் ஓரத்தில் பள்ளங்கள் தெரியும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீட்டு முற்றத்தில் கால்மணி நேரம் நின்று பார்த்து எண்ணினாலும் போதும், அந்தக் கணக்கில் சேரும். இந்தப் பொங்கலுக்குக் கோலம் போட்டு முடித்த கையோடு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாசலில் நில்லுங்களேன். பொங்கல் பொங்குவதற்குள் எத்தனை பறவை வருகிறது என்று அவர்கள் எண்ணட்டும். நீங்களும் கொஞ்சம் பாருங்கள்!